என்டிட்டி: உருபொருளா, குழூஉக்குறியா, பதிற்பொருளா?

வணக்கம். எக்ஸ்எம்எல் (XML, தகவலை அடையாளக் குறிகளிட்டு எழுதும் மொழி) பேசும் ‘என்டிட்டி’க்கு (entity) ஒரு தமிழ்ச் சொல் தேடும் பேச்சின் தொடர்ச்சி இது.

> என்டிட்டிக்கு ‘உருபொருள்’ ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, தரவுத்தளப் பாடத்துக்கு அந்தச் சொல் சரி. அங்கே மாணவர், ஆசிரியர், பாடம் என்று நாம் தகவல் சேர்த்துவைக்கும் ஒவ்வொன்றும் என்டிட்டி. எக்ஸ்எம்எல்லில் சங்கதி வேறு. ஒரு பெயர், அதைக் குறிப்பிட்டால் அந்த இடத்தில் வந்து உட்காரும் உள்ளடக்கம். அவ்வளவுதான்.

புதிதாகப் படிப்பவர் பெரும்பாலும் இந்தச் சொல்லைப் பிழைச் செய்தியில்தான் முதலில் பார்க்கிறார். தலைப்பில் ‘வரவு & செலவு’ என்று எழுதிவிடுவார். பாகுபடுத்தி (ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்) ‘என்டிட்டியின் பெயரைக் காணோம்’ என்று நின்றுவிடும். உரையில் & வந்தால் ஒட்டினாற்போல் ஒரு பெயரும் அரைப்புள்ளியும் வரும் என்று அது எதிர்பார்க்கிறது. அங்கே ‘உருபொருளின் பெயரைக் காணோம்’ என்று போட்டால் அவருக்கு என்ன விளங்கும்?

இன்னொரு நண்பர் சொன்ன ‘குழூஉக்குறி’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல, டிடிடியில் (DTD, ஆவணத்தில் என்னென்ன வரலாம் என்று வரையறுக்கும் பகுதி) அறிவித்த பெயர் அந்த ஆவணத்தாருக்குள் செல்லும். அறிவிக்காமலே செல்பவை ஐந்துதான்: & குறி, சிறியது குறி, பெரியது குறி, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். ஆனால் 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிகளின்படி என்டிட்டி என்பது பெயர் அல்ல, பெயருக்குப் பின்னால் இருக்கும் சரக்கு. ஒரு சொற்றொடராக இருக்கலாம், தனிக் கோப்பாக இருக்கலாம், படமாகக்கூட இருக்கலாம். உரைக்குள் நாம் எழுதுவது அதைச் சுட்டுவது மட்டுமே. குழூஉக்குறி என்றால் இரண்டும் குழம்பிப்போகும். (நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவோம் என்பது தனிக் கதை.)

என் பரிந்துரை ‘பதிற்பொருள்’. பெயருக்குப் பதிலாக வரும் பொருள். ‘பதிலி’ இன்னும் சுருக்கம்தான், ஆனால் அதை ப்ராக்ஸிக்குக் கொடுத்துவிட்டோம். உரையில் எழுதுவது ‘பதிற்பொருள் சுட்டு’. % குறியோடு டிடிடிக்குள் மட்டும் புழங்குவது ‘வரையறைப் பதிற்பொருள்’. ஆங்கிலப் பெயரில் ‘பாராமீட்டர்’ இருக்கிறதே என்று அளபுரு என்றெல்லாம் இழுக்க வேண்டாம். டிடிடியை ‘ஆவண வகை வரையறை’ என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம் ஒரு வசதி. & போட்டு, # போட்டு, 2965 என்று எழுதி அரைப்புள்ளி வைத்தால் ‘க’ வரும். பலர் இதையும் என்டிட்டி என்றே சொல்கிறார்கள். விதிப்படி அது என்டிட்டி அல்ல. யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. எண்ணே யுனிகோடில் அந்த எழுத்தின் இடத்தைக் காட்டிவிடுகிறது. அதை ‘எழுத்துச் சுட்டு’ என்றால், இரண்டும் சுட்டுதான், ஆனால் சுட்டப்படுவது வேறு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

இடிப்பது படக் கோப்பு ஒன்றுதான். அது உரைக்குள் வந்து உட்காராது. ஒரு குறிக்குள் எழுதும் பண்பின் (attribute) மதிப்பாக அதன் பெயர் மட்டும் நிற்கும். அதையும் பதிற்பொருள் என்பதில் எனக்கே முழு நிறைவில்லை. அதற்கும் பொருந்துகிற சொல் யாரிடமாவது இருந்தால் என்னுடையதை விட்டுவிடத் தயார்.