சென்னையைச் சுற்றி ஒரு நாள் பயணம்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பு

சவுக்குத்தோப்பு:

மாமல்லபுரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதைச் சொல்ல வரவில்லை. அதற்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் சாளுவன்குப்பம். புலிக்குகையின் யாளித் தலைகளுக்கு முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்போம், நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். பல வருடமாக இதுதான் வழக்கம். அங்கிருந்து சற்று நடந்தால் வரும் செங்கல் முருகன் கோயிலைப் போன மார்கழியில்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

வேலியோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். என் மகள் கல்லால் ஆன வேலாயுதத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். நான் படித்துவிட்டுப் போயிருந்தேன், அதனால் அவர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். 2004 சுனாமி மணலை அரித்துச் சென்றதில் பாறை வெளியே தெரிந்தது, அதில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டு இருந்தது, அது ஒரு சுப்பிரமணியர் கோயிலைக் குறிப்பிட்டது, தோண்டியபோது பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும் அதற்கு அடியில் சங்க காலச் செங்கல் கோயிலும் வந்தன என்றேன். “சுனாமி மட்டும் வரவில்லை என்றால் இந்தக் கோயில் நமக்குக் கிடைத்தே இருக்காது” என்றும் சொன்னேன். மகிழ்ச்சியோடுதான் சொன்னேன்.

பெரியவரின் வலை ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த கண்ணியைப் பின்ன ஆரம்பித்தார்.

வண்டியில் ஏறிய பிறகு மகள் கேட்டாள்: “அம்மா, சுனாமி வந்தபோது அந்தத் தாத்தா எங்கே இருந்தார்?” நான் கேட்கவில்லை. யாரையெல்லாம் பறிகொடுத்தாரோ, அதுவும் தெரியாது. ஒரு மீனவரின் முன்னால் நின்று இப்படிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

வடசென்னைக்காரன்:

பழவேற்காடு, ஜனவரி மாதம், நண்பர்கள் நான்கு பேர். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையில் இன்று புதர்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஏரியில் நடந்தது.

இடுப்பளவு நீரில் ஓர் இருளர் அம்மாள் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைக் கூடையான பறியின் விளிம்பைப் பற்களால் கவ்வியிருந்தார். கை மேலே வரும், ஓர் இறால் பறிக்குள் விழும், கை மறுபடி நீருக்குள் போகும். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. இப்படிப் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்தது அன்றுதான். கேமராவை எடுத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தால் பறி நீரில் விழும், அதுவரை பிடித்த அத்தனையும் போய்விடும். அதனால் மெதுவாக உடம்பைத் திருப்பி முதுகைக் காட்டினார். அதற்குள் எட்டுப் படம் எடுத்துவிட்டேன்.

அன்றிரவே எல்லாவற்றையும் அழித்தேன். அந்த முதுகு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. பூநாரைகளையும் பார்த்தோம். படகுக்காரர் மோட்டாரை முடுக்கியதும் கூட்டமாக எழுந்தன, சிறகின் உட்புறச் சிவப்பு அழகாக இருந்தது. ஆனால் வீடு திரும்பும்போது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கூழைக்கடா:

தம்பி, படம் எடுத்ததற்கு வருந்துகிறீர்கள், சரி. பூநாரைகளைப் படகால் விரட்டியதை அழகு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றை வடிகட்டிச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் இரைதான் திரும்பிப் போகும் பயணத்துக்கான பலம். நாம் ஒரு முறை எழுப்பினால் அதில் ஒரு பங்கு வீண். படகு என்றதும் இன்னொன்று. 2011 டிசம்பர் 25 அன்று அதே பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில் யாரும் கால் வைக்காதீர்கள்.

என் அனுபவம் சிறியது. வேடந்தாங்கலில் என் பேரன் ஊதலை ஊதினான். கரையில் புல் சுமந்து போன ஒரு விவசாயி சுமையை இறக்கி வைத்தார், அவன் முன்னால் குந்தினார், உதட்டில் விரலை வைத்து, “பாப்பா தூங்குகிறது ராஜா” என்று மரத்தைக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றும் அவனைத் தடுக்கவில்லை. முப்பது வருடமாகப் பறவை பார்க்கிறவன் நான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்துமூல உரிமை வாங்கியவர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அப்போதே தெரிந்து வைத்திருந்தார்கள். போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் பறவை வரும், மழை பொய்த்த வருடம் போகாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பருவம், அதிலும் ஜனவரி நல்லது, கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் போய் இருட்டும்வரை இருங்கள். இரை தேடப் போன நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டம் கூட்டமாக இறங்குவது அப்போதுதான். பளிச்சென்ற உடை வேண்டாம், தொலைநோக்கி அவசியம். மாமல்லபுரத்தையும் இதையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டையும் பார்த்ததாக ஆகாது. பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது, மீதி நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

தென்கரை:

கூழைக்கடா ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் பயன்படும். ஆனால் அந்தத் தம்பி படகைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் அந்த அம்மாவைப் பற்றி எழுதினார், நீங்கள் அந்த அம்மாவைத் தொடவே இல்லை.

என்னுடையது சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் பக்கத்து டச்சுக் கோட்டைதான். உள்ளே இருக்கும் கல்லறைகளைக் காவலாளி திறந்து காட்டினார். எழுத்து தெரியவில்லை என்றேன். தன் பாட்டில் தண்ணீரைப் பலகைக் கல்லின் மேல் ஊற்றிக் கையால் தடவினார், ஈரத்தில் டச்சு எழுத்துகள் கறுப்பாக எழுந்தன. யார் இவர்கள் என்று கேட்டேன். “பிழைக்க வந்த இடத்தில் செத்தவர்கள் சார்” என்றார். கொஞ்சம் கழித்து, “என் தம்பியும் சவூதியில் இப்படித்தான் கிடக்கிறான். அவன் கல்லில் பெயர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது” என்றார்.

வெயிலில் கல் உடனே காய்ந்துவிட்டது. அடுத்த கல்லுக்கும் ஊற்றினார். அது அவர் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் என்பது பாட்டில் காலியான பிறகுதான் எனக்கு உறைத்தது.

செம்மண்:

எல்லோரும் கடலோரமாகவே போகிறீர்கள். பூண்டியைத் தாண்டி, கொற்றலையாற்றின் கரையில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போங்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த இடம் அது. பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை என்று 2011-இல் ஆய்வு வெளியானது. கோயில் இல்லை, கோபுரம் இல்லை. மழை அறுத்த ஓடைகளும் சரளைக் கற்களும்தான்.

ஆடு மேய்த்த ஒரு பையன் என்னிடம் ஒரு கல்லை நீட்டினான். உள்ளங்கை அளவு, இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்து நுனி கூராக்கியது. பிடித்துப் பார்த்தேன். கட்டை விரலுக்கென்றே செய்ததுபோல ஓரிடம் வழவழப்பாக இருந்தது. “எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, இங்கே நிறையக் கிடக்கிறது” என்றான். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு வருடமாகப் புத்தக அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்து வியக்கும்போதெல்லாம் எங்கே கிடைத்தது என்று சொல்லாமல் பேச்சை மாற்றுகிறேன். அந்தக் கல் மண்ணில் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது அந்தப் பையனுக்குத்தான் தெரியும், அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சவுக்குத்தோப்பு:

செம்மண், அதைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் ஒப்படைத்து, அந்த ஓடை எது என்றும் சொல்லிவிடுங்கள். நான் சனிக்கிழமை சாளுவன்குப்பம் போகிறேன். மகளும் வருகிறாள்.

செம்மண்:

கல்லைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன். நானும் சனிக்கிழமையே போகிறேன்.