ரோட்டா வைரஸ் (சின்னப் பிள்ளையளுக்கு வயித்தோட்டம் வரப்பண்ணுற கிருமி): உங்கட பிள்ளைக்கும் வந்ததா?

கொட்டாஞ்சேனைக்காரி:
மகளுக்கு அப்ப ஒரு வயசும் நிரம்பேல்ல. முதல் சத்தி, காய்ச்சல், பிறகு தண்ணி தண்ணியாப் போகத் தொடங்கினது. மிச்சம் உங்களுக்கே தெரியும். "பல்லு முளைக்குது, பயப்பிடாதை" எண்டா மாமி. விடியக்க ஓட்டோ பிடிச்சு ஓடினம். டொக்டர் கேட்டார்: "கடைசியா எப்ப மூத்திரம் போனவ?" ஒருத்தரிட்டையும் பதில் இல்லை. பம்பர்ஸ் எல்லாம் நனைஞ்சுதான் இருந்தது. அது வயித்தால போன தண்ணியா, மூத்திரமா, ஆருக்குத் தெரியும்? பிள்ளை தோளில கிடந்து அழுறாள், சத்தம் வருது, கண்ணில ஒரு சொட்டு இல்லை. சேலைன் ஏத்தித் தேறீட்டாள். இப்பவும் அவள் அழுதா நான் முதல் கண்ணைத்தான் பார்ப்பன்.

வெள்ளவத்தை அப்பா:
ரோட்டாவுக்கு வாயால குடுக்கிற தடுப்பு மருந்து குடுக்கேல்லையோ? மூத்தவனை 9 மாச எம்.எம்.ஆர் ஊசிக்குக் கொண்டுபோன நேரம், பக்கத்தில இருந்த தாய் ஒராள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கிளினிக்கில இலவசமாக் குடுக்கிறதில இது இல்லை, வெளியில காசுக்குத்தான். ரொட்டாரிக்ஸ் எண்ட தடுப்பு மருந்தெண்டா 6 கிழமையில தொடங்கி 24 கிழமைக்குள்ள ரெண்டு தரமும் முடிக்கோணும். அவனுக்குக் காலம் கடந்திட்டுது, அடுத்த வருசம் வாட்டில கிடந்தான். சின்னவளுக்கு நேரத்துக்குக் குடுத்தம். அவளுக்கும் வந்தது! ஆனா லேசா, வீட்டிலயே மாறீட்டுது.

தெமட்டகொடை உம்மா:
காசு குடுத்தும் வந்திச்சு எண்டா அது என்னத்துக்கு? எங்கட பக்கத்து வீட்டு ராத்தா ஒரு முழு ஜீவனி பக்கெட்டை (வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்பு, சீனித் தூள்) பால் போத்தல்ல கொட்டிக் குலுக்கினா. உப்புக் கரிச்சுப் பிள்ளை முகத்தைத் திருப்பித் திருப்பி அழுது. நான் போத்தலைப் பறிச்சு பேசின்ல ஊத்தினேன். இண்டைக்கும் என்னோட கதைக்கிறதில்ல.

வெள்ளவத்தை அப்பா:
வந்தாலும் கடுமையாக்காமல் விடுறதுக்குத்தான் உம்மா அந்த மருந்து.

பழைய நேர்ஸ்:
நான் வேலை செய்த வாட்டுக்கு ஒரு தகப்பன் பிள்ளையையும் சோடாப் போத்தலையும் சேர்த்து அணைச்சுக்கொண்டு ஓடி வந்தவர். அந்த இனிப்பு வயித்தோட்டத்தைக் கூட்டும். எல்லாரும் கேளுங்கோ. ஜீவனி ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். 24 மணித்தியாலம் போனா மிச்சத்தை ஊத்துங்கோ. சத்தி எடுத்தா பத்து நிமிசம் பொறுத்து, கரண்டியால கொஞ்சம் கொஞ்சமாப் பருக்குங்கோ. தாய்ப்பாலை நிப்பாட்டாதேங்கோ. வைரசுக்கு அன்டிபயோட்டிக் கேக்காது. வயித்தோட்டத்தைக் கட்டுற குளிசையைப் பாமசியில வாங்கிப் பிள்ளைக்குக் குடுக்கவே கூடாது. சிங்க் மருந்து டொக்டர் சொன்ன அளவில 10 தொடக்கம் 14 நாள். பம்பர்ஸ் மாத்தினா சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ. சுகமான பிறகும் மலத்தில வைரஸ் கொஞ்ச நாள் வரும். கண் குழி விழுந்தா, பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தா, வீட்டில வச்சுப் பார்க்காதேங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரி:
அக்கா, என்ர மகள் இப்ப பள்ளிக்கூடம் போறாள். நான் இதொண்டும் கேக்கேல்லையே.

மட்டக்குளி மாமா:
செவ்விளநீரை ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?

பழைய நேர்ஸ்:
அதில பொட்டாசியம் தாராளம், சோடியம் கொஞ்சம். வயித்தோட்டத்தில பிள்ளை இழக்கிறது சோடியத்தையும்தான். ஜீவனிக்குப் பதிலா அதைக் குடுக்கேலாது.

மட்டக்குளி மாமா:
என்ர அம்மா ஏழு பிள்ளை வளர்த்தவ, தங்கச்சி.