குதிகாலின் பின்பக்கம் வலி: படிக்கட்டுப் பயிற்சியால் கூடுகிறதே, ஏன்?

ரேஸ்கோர்ஸ்வாசி (கோவை):
வணக்கம். வயது 46. ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலையில் ஓடுகிறவன். அரை மாரத்தானுக்காகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டு வந்த நேரத்தில் இடது குதிகாலின் பின்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடிக்கு நொண்டல்தான்; பிறகு இளகிவிடும். ஓடும்போதும் அப்படியே. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு எழுந்தால் மறுபடியும் பிடிக்கும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்குகிற பயிற்சியை ஒரு மாதமாகச் செய்கிறேன். வலி கூடியிருக்கிறது. இன்னும் ஆழமாக இறக்க வேண்டுமா?

மெல்லோட்டம்:
ஒரு வாரம் ஐஸ் ஒத்தடம், ஓய்வு. அவ்வளவுதான்.

கெண்டைக்கால் (இயன்முறை மருத்துவர்):
ஓய்வில் வலி அடங்கும், ஓடத் தொடங்கியதும் திரும்பி வரும். தசைநாண் தேற வேண்டுமானால் அதற்குப் பக்குவமாகச் சுமை கொடுக்க வேண்டும். எந்த மாதிரிச் சுமை என்பது வலிக்கிற இடத்தைப் பொறுத்தது. கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண்தான் அக்கிலிஸ் நாண். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பிடித்து, கெண்டைக்கால் பக்கமிருந்து மெல்லக் கிள்ளிக்கொண்டே கீழே வாருங்கள். எங்கே சுள்ளென்கிறது? எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலேயா, ஷூவின் பின்விளிம்பு உரசும் எலும்பிலேயா?

ரேஸ்கோர்ஸ்வாசி:
எலும்பிலேயேதான். லேசான புடைப்பும் இருக்கிறது. நாணின் நடுவில் எவ்வளவு அழுத்தினாலும் வலியில்லை.

கெண்டைக்கால்:
அப்படியானால் முதலில் படியை விட்டு இறங்குங்கள், ஐயா. அந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃபிரெட்சன். 1998-இல் வெளியான அவரது ஆய்வில் 15 ஓட்டக்காரர்கள் தினமும் இரண்டு வேளை, 12 வாரம் செய்து மீண்டும் ஓடினார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் வலி நாணின் நடுப்பகுதியில். உங்களுக்கோ நாண் எலும்போடு சேரும் இடத்தில். குதிகால் படிக்குக் கீழே இறங்கும்போது நாண் குதிகால் எலும்பின் மேல் நசுங்குகிறது. ஆழமாக இறக்க இறக்க நசுங்கலும் கூடும். சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை இழுக்கும் பயிற்சிக்கும் இதே கதிதான், அதையும் நிறுத்துங்கள்.

சமதரையில் நின்று இரு குதிகாலையும் உயர்த்தி, நிதானமாகத் தரை வரை மட்டும் இறக்குங்கள். பழகியபின் ஒற்றைக் காலில். இரண்டு ஷூவிலும் சுமார் 1 செ.மீ. உயரத்துக்குக் குதிகால் பட்டை வையுங்கள். நம் வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதும் இப்போதைக்கு வேண்டாம். குதிகால் சற்று உயர்ந்த செருப்பு போடுங்கள். மேடு ஏறும் ஓட்டமும் வேக ஓட்டமும் கூடாது. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி வரலாம். மறுநாள் காலை அந்த முதல் பத்து அடியைக் கவனியுங்கள்: நொண்டல் கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். மூன்று மாதமாவது ஆகும். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

மாத்திரைப்பெட்டி (மருந்தாளுநர்):
ஒரு கேள்வி. வலி தொடங்குவதற்குச் சற்று முன் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா?

ரேஸ்கோர்ஸ்வாசி:
வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை வாங்கினேன். அடுத்த சில நாட்களில்தான் வலி தொடங்கியது. சம்பந்தம் உண்டா?

மாத்திரைப்பெட்டி:
இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். தசைநாண் அழற்சியும் அறுந்துபோவதும் அவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அதிகம் அடிபடுவது அக்கிலிஸ். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சீட்டில்லாமல் மிட்டாய் மாதிரி கேட்டு வாங்குகிறார்கள், கொடுக்கவும் செய்கிறோம்.

கெண்டைக்கால்:
நல்ல கேள்வி கேட்டீர்கள். மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, தூரத்தைக் கூட்டியதும் இருக்கிறது. இருந்தாலும் நான் சொன்ன பயிற்சியை நிறுத்திவையுங்கள், ஓட்டமும் வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி, தேவையானால் ஸ்கேன் பார்த்தபின் தொடங்கலாம். பின்னால் யாரோ உதைத்தது போல 'டப்' என்று தெறித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ரேஸ்கோர்ஸ்வாசி:
வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை சைக்கிள் மிதிக்கலாமா?

கெண்டைக்கால்:
வலிக்காத வரை லேசாக மிதிக்கலாம். பெடலை முன்பாதத்தால் மிதிக்காமல் நடுப்பாதத்தை வையுங்கள்; இருக்கையை அதிகம் உயர்த்த வேண்டாம்.