பேண்ட்வித்: ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

ஹோஸ்டிங் (இணையதளத்தை வாடகை சர்வரில் வைத்து நடத்துவது) பற்றிய கையேட்டுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் பேண்ட்வித் (bandwidth) என்பதற்கு மட்டும் இன்னும் சொல் முடிவாகாமல் நிற்கிறது. வந்த கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> பட்டையகலம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைக்கலாமே?

வானொலிப் பொறியியலுக்கு அது நல்ல சொல். ஒரு பண்பலை நிலையம் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் இடத்தைப் பிடிக்கிறது என்றால் அது உண்மையிலேயே பட்டையின் அகலம்தான். சர்வர் வாடகை பில்லிலோ ஹெர்ட்ஸ் என்ற பேச்சே கிடையாது. அங்கே பேண்ட்வித் என்ற ஒரே தலைப்பில் மூன்று சங்கதிகள் வருகின்றன. போர்ட் (சர்வரை நெட்வொர்க்கோடு இணைக்கும் முனை) அதிகபட்சம் எவ்வளவு வேகம் தாங்கும், மாதம் முழுக்க எவ்வளவு தரவு போனது, எந்த வேகத்தைக் கணக்கில் வைத்துக் காசு வாங்குகிறார்கள் என்பவை அவை.

மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தால், புதிதாக சர்வர் எடுப்பவர்தான் மாட்டிக்கொள்வார். 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 100 கோடி பிட்) போர்ட், 1 டிபி (ஆயிரம் ஜிபி; ஒரு பைட்டுக்கு 8 பிட்) மாத வரம்பு என்று விளம்பரத்தில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அந்த போர்ட்டை முழு வேகத்தில் ஓட்டினால் 1 டிபி இரண்டேகால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மாதம் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் அது சராசரியாக 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 லட்சம் பிட்) சொச்சம்தான்.

முதலாவதற்கு இணைப்புவேகம் என்றே வைத்துவிடலாம். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டாவதற்கு என் முன்மொழிவு கடத்தளவு.

> கடத்தல் என்றாலே சிலைக் கடத்தல், தங்கக் கடத்தல்தான் ஞாபகம் வரும்.

மின்கடத்தி, வெப்பக் கடத்தல் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அங்கே உறுத்தாத வினை இங்கேயும் உறுத்தாது. ஆனால் இன்னொருவர் சொன்ன கடத்துதிறன் வேண்டாம், இயற்பியலில் அதற்கு வேறு பொருள் உறுதியாகிவிட்டது. பரிமாற்ற அளவு என்பதையும் யோசித்தேன். பரிமாற்றத்தில் கொடுப்பதும் வாங்குவதும் கலந்தே நிற்கிறது, பில்லிலோ இரண்டும் ஒன்றல்ல. அமேசான் கிளவுடில் இணையத்திலிருந்து உள்ளே வரும் தரவுக்குக் கட்டணமில்லை. வெளியே போவதில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அப்புறம் அமெரிக்க மண்டலங்கள் பலவற்றில் ஜிபிக்கு 9 சென்ட்டில் தொடங்குகிறது. வெளிக்கடத்தளவு, உள்கடத்தளவு என்று பிரித்துச் சொல்ல நம் சொல் வசதியாக வளைந்து கொடுக்கிறது.

> 95 பர்சன்டைல் பில்லிங்கை "உச்சவேகக் கட்டணம்" எனலாமா?

இது மூன்றாவது, அதாவது காசு வாங்கக் கணக்கில் வைக்கும் வேகம். இந்தப் பெயரைத்தான் நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த முறை தூக்கிப்போடுவதே உச்சத்தைத்தான்.

டேட்டா சென்டர்களில் பழகிய முறை இது: 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்விட்ச் (சர்வர்களை இணைக்கும் கருவி) போர்ட்டின் கவுண்டரை, அதாவது இதுவரை போன தரவின் எண்ணிக்கையைப் படித்து, முந்தைய எண்ணைக் கழித்து, அந்த இடைவெளியின் சராசரி வேகத்தைக் குறிப்பார்கள். 30 நாள் மாதத்தில் இப்படி 8640 அளவீடுகள் சேரும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 அளவீடுகளை நீக்கிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்குத்தான் பணம். 432 அளவீடுகள் என்றால் 36 மணி நேரம். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் தனித்தனியாக இப்படிக் கணக்கிட்டு, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம்.

தேர்வு முடிவு வெளியிடும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மட்டும் 10 மணி நேரம் 800 எம்பிபிஎஸ் போகிறது, மற்ற நாளெல்லாம் 20 எம்பிபிஎஸ். இந்த முறையில் பில் 20 எம்பிபிஎஸ்ஸுக்குத்தான். அதையே கடத்தளவுக் கணக்கில் போட்டால் அந்த ஒரு நாளில் மட்டும் 3.6 டிபி, மேலே சொன்ன 9 சென்ட் வீதத்தில் 324 டாலர்.

இதே முறை வேறு ஒருவரைக் கடிக்கும். தினமும் இரவு 2 மணி நேரம் வெளியே பேக்கப் அனுப்பினால் மாதத்துக்கு 60 மணி நேரம், 36ஐத் தாண்டிவிட்டது. மீதி 22 மணி நேரமும் சர்வர் சும்மா இருந்தாலும் பேக்கப் வேகத்துக்கே பில் வரும். மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பி அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தால், 30 மணி நேரத்தோடு முழுசாகத் தப்பித்துவிடலாம். "உச்சவேகம்" என்று கையேட்டில் எழுதினால் இரண்டு பேருமே தப்பாகத் திட்டமிடுவார்கள்.

எனவே 95ஆம் நூற்றுமான வேகம், சுருக்கமாக நூற்றுமானவேகம். பாடநூல் வழியாகவே பலருக்கும் பழகிய சொல். சதமானம் என்பதும் புழங்குகிறது, இலங்கை நண்பர்கள் சதமணை என்பார்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதமே, கையேடு முழுக்க ஒன்றாக இருந்தால் சரி.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "இணைப்புவேகம் 1 ஜிபிபிஎஸ், வெளிக்கடத்தளவு மாதம் 20 டிபி வரை இலவசம், அதற்கு மேல் ஜிபி கணக்கில் கட்டணம்." இன்னொன்று: "நூற்றுமானவேகம் 50 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டினால் கூடுதல் கட்டணம்." எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

பர்ஸ்ட் (burst, கொஞ்ச நேரம் மட்டும் வேகம் எகிறுவது) என்பதற்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. திடீர் ஏற்றம் என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.