மாவட்ட ஆஸ்பத்திரிக்கு சிடி ஸ்கேன் வந்துவிட்டால் ஸ்ட்ரோக்குக்குப் போதுமா?

ரப்பர்க்காட்டான்:
வணக்கம். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் மாதிரி, நாலு திசையிலும் தோட்டம் சூழ்ந்த டவுன் எங்களுடையது. மாவட்ட ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் கிடையாது. ஈப்போ போக, வழியில் லாரி இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். ஸ்கேன் கேட்டு மனு எழுதப்போகிறோம். மனுவில் வேறு என்ன சேர்க்க வேண்டும்? ஸ்கேன் வரும் வரைக்கும் பக்கவாதம் வந்தவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கா? லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் பக்கவாதம் வந்தவரின் விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

இரவுப்பணி:
சிடி ஸ்கேன் முதலில் சொல்வது ஒரே விஷயம்: மண்டைக்குள் ரத்தக் கசிவா, இல்லையா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாக இருந்தால் முதல் சில மணி நேரத்தில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதைப் பார்த்து "ஸ்ட்ரோக் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரிய தப்பு. கசிவு இல்லை, அறிகுறி இருக்கிறது, தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும்.

ஆகவே மனுவில் இயந்திரத்தை மட்டும் கேட்டால் பகலில் ஓடி இரவில் பூட்டிக் கிடக்கும் ஸ்கேன்தான் கிடைக்கும். இதையெல்லாம் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வரவேண்டுமா? படத்தை அந்நேரம் யார் படித்துச் சொல்வார்? மருந்து அவசரப் பிரிவிலேயே இருக்குமா, பூட்டிய மருந்தகத்திலா? போட உத்தரவு கொடுக்கும் நிபுணரை நேராகக் கூப்பிட ஒரே எண் உண்டா? வாசலில் நுழைந்து 20 முதல் 25 நிமிடத்தில் ஸ்கேன், 60 நிமிடத்துக்குள் ஊசி, இதுதான் அளவுகோல். அந்த 60-ஐ எது தின்கிறது என்று பார்த்தால் ஸ்கேன் எடுப்பது 5 நிமிடம்கூட இராது. பதிவுக் கவுண்டர், தள்ளுகட்டில் தேடுவது, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது, இவைதான்.

ரத்த முடிவு வரட்டும் என்று எல்லாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊசிக்கு முன் கட்டாயம் தெரிய வேண்டியது சர்க்கரை அளவு ஒன்றுதான். சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் ஒரு பக்கம் செயலிழந்து, வாய் குழறும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) பார்த்தாக வேண்டும், 1.7-க்கு மேல் போனால் ஊசி கிடையாது.

சைரன்:
"பக்கத்து ஆஸ்பத்திரியா, பெரிய ஆஸ்பத்திரியா" என்ற கேள்விக்கு: ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கினால் அங்கே ஒரு பதிவு, ஒரு பரிசோதனை, ஒரு கடிதம், பிறகு ஆம்புலன்சுக்குக் காத்திருப்பு. ஒரு மணி நேரம் சும்மா போய்விடும். ஆனால் வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் முதலில் பக்கத்தில்தான். வழியில் மூச்சுக்குழாய் அடைத்தால் ஈப்போ எதற்கு? அதனால் 999-ஐக் கூப்பிட்டு "முகம் கோணியிருக்கிறது, வலது கை விழுந்துவிட்டது, கடைசியாக நல்லாயிருந்தது இத்தனை மணிக்கு" என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். மலாயில் சொல்வதானால் "ஸ்ட்ரோக்", இல்லை "அங்கின் அஹ்மார்". தலைசுற்றல் என்று மட்டும் சொன்னால் அவசர வரிசையில் பின்னுக்குப் போய்விடும்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கே போனாலும், ஆளை இறக்கும் முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போக வேண்டும். வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போகாமல் நிற்க வேண்டும். இரண்டையும் மனுவில் எழுதுங்கள். இரண்டுக்கும் பணம் தேவையில்லை, முடிவுதான் தேவை.

விரலில் குத்துவது, உருவுவது இரண்டும் நேரத்தைத் தின்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. அதைவிட ஆபத்து, வாயில் தேநீரோ மாத்திரையோ ஊற்றுவது. விழுங்கும் தசை வேலை செய்யாவிட்டால் நேராக நுரையீரலுக்குப் போகும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால்?

இரவுப்பணி:
அதோடு இன்னொன்று. தோட்டக் கிளினிக்கில் பிரஷர் 200 என்று பார்த்தவுடன் பிரஷரை இறக்கும் நிஃபெடிபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வைக்காதீர்கள். அடைப்புக்கு அப்பால் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதே அந்தப் பிரஷர்தான். ஊசி போடப்போகிறோம் என்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவருவோம், அதுவும் நரம்பு வழி மருந்தால், மெதுவாக. ஊசி இல்லையென்றால் 220/120 வரைக்கும் பொதுவாக விட்டுவிடுவோம்.

மருந்தலமாரி:
மருந்து விஷயம். கட்டி கரைக்கும் ஊசியான ஆல்டிபிளேஸ், உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், உச்சம் 90. 60 கிலோ ஆளுக்கு 54 மில்லிகிராம்: 5.4 முதல் நிமிடத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில் பம்பில். கலக்கும்போது குலுக்கக்கூடாது, நுரை கட்டும். மெல்ல உருட்ட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸோடு (குளுக்கோஸ் டிரிப்) சேரக்கூடாது. பை காலியானதும் பம்பை நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தப்பு: குழாய்க்குள் நிற்கும் மருந்தும் டோஸ்தான். அதே வேகத்தில் சலைன் விட்டுத் தள்ள வேண்டும்.

கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டிபிளேஸ் வந்தால் சின்ன ஆஸ்பத்திரிக்கு வசதி: ஒரே ஊசி, பம்ப் வேண்டாம், ஆம்புலன்சில் போகும்போது தொல்லையில்லை. அளவு கிலோவுக்கு 0.25, உச்சம் 25. அதே 60 கிலோவுக்கு 15 மில்லிகிராம். வம்பு எங்கே என்றால், 50 மில்லிகிராம் குப்பி மாரடைப்புக்கானது, அதன் டோஸ் அட்டவணை இதைப்போல இரண்டு பங்கு. அவசரத்தில் அந்த அட்டவணையைப் பார்த்துப் போட்டால் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். ஸ்ட்ரோக்குக்கான எடை அட்டவணையைத் தனியாக அச்சடித்துக் குப்பியோடு கட்டி வையுங்கள்.

எடையை வீட்டாரிடம் கேட்டு வாங்குவதும் நம்பக்கூடியதில்லை. தள்ளுகட்டிலோடு நிறுக்கும் தராசு ஒன்று கேளுங்கள். ஸ்கேன் விலைக்கு முன் அது ஒன்றுமேயில்லை.

ரப்பர்க்காட்டான்:
ஒரே சந்தேகம். வீட்டுக்காரர் விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போய்விடுகிறார், அம்மா எழுந்திருக்கவே இல்லை. நேரம் எப்போதிலிருந்து கணக்கு?

சைரன்:
கண்ட நேரமில்லை, கடைசியாக நல்லாயிருந்த நேரம். ராத்திரி 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவர் என்றால் அந்த 10தான். விடியற்காலையில் பாத்ரூம் போனதை யாராவது பார்த்திருந்தால் கணக்கு மாறும். அதனால் கடைசியாகப் பார்த்தவர் ஆம்புலன்சில் ஏறட்டும், முடியாவிட்டால் அவர் போன் எண் கையில் இருக்கட்டும். ஐசியும் (அடையாள அட்டை) மருந்துப் பையும் கூடவே. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால், கடைசியாக எப்போது போட்டார் என்பதும்.

இரவுப்பணி:
4.5 தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைப்பில், அடைத்த ரத்தக்கட்டியைக் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை உண்டு. கண் ஒரு பக்கமே திரும்பி நிற்பது, அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்புறம் கை, கால் முழுக்க விழுவது, பேச்சே வராமல் போவது அதன் அடையாளம். எல்லா ஊரிலும் எல்லா நேரமும் அது கிடைக்காது, ஆகவே உங்கள் ஊரிலிருந்து எந்த மையத்துக்கு அனுப்புவார்கள் என்பதை இப்போதே மாவட்ட ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.