பழைய ஃபிளெமிஷ் சித்திரத் திரையைச் சுவரில் மாட்டுவது எப்படி?

கேள்வி: 17ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) படத்தையே நூலால் நெய்து உருவாக்கிய திரை, கம்பளியும் பட்டும் கலந்த நெசவு. மேல் ஓரத்தில் வளையம் தைத்துக் கம்பியில் மாட்டலாமா?

பதில் 1: வளையம் வேண்டவே வேண்டாம். எடை அந்தந்தப் புள்ளியில் மட்டும் இழுக்கும். இடையில் துணி தொய்ந்து கிழியும். இவ்வகைத் திரைகளைப் பெரும்பாலும் படம் பக்கவாட்டில் கிடக்கும்படி நெய்தார்கள். மாட்டும்போது பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) கிடையாகிவிடும், எடை முழுவதும் ஊடையில்தான் (பாவுக்குக் குறுக்கே ஓடும் நூல்). 5 செ.மீ. அகல வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கக்கூடிய கொக்கி நாடா) நல்லது: மென்மையான பக்கத்தை முதலில் பருத்தி நாடாவில் தைத்து, நாடாவைத் திரையின் பின்புறம் கையால் தையுங்கள். கொக்கிப் பக்கம் சுவரிலுள்ள மரச்சட்டத்தில்.

பதில் 2: அதற்கு முன், நிறம் மாறும் இடங்களில் உள்ள பிளவுகளைத் தைத்துவிடுங்கள், தொங்கினால் வாய் பிளக்கும். கரும்பழுப்பு நூலில் கவனம். இரும்பு கலந்த சாயம் அதை அரித்திருக்கும்.

பதில் 3: வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளி அளவின் அலகு) தாண்டக்கூடாது, பட்டுதான் முதலில் பொடியும். ஈரம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம்.