ஷெங்கன் சுற்றுலா விசா: எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது, எதை இணைப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா) பிரான்சையும் இத்தாலியையும் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். விமானம் பாரிசில் இறங்குகிறது; ஆனால் இத்தாலியில்தான் கூடுதல் நாள்கள் தங்குவோம். இந்நிலையில் எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்? நான் சொந்தத் தொழில் செய்வதால் சம்பளச் சீட்டோ விடுப்புக் கடிதமோ என்னிடம் இல்லை. வங்கிக் கணக்கில் ஒரு பெருந்தொகையைப் போட்டுக் காட்டினால் விசா உறுதி என்கிறார் முகவர் ஒருவர். விமானச் சீட்டை முதலிலேயே வாங்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
நீங்கள் இத்தாலியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடே உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். இரண்டிலும் சம நாள்கள் தங்கினால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு, பயணத்துக்கு 15 நாள்கள் முன்பு. முடிவு வழக்கமாக 15 நாள்களுக்குள் தெரிந்துவிடும் என்றாலும், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள்கள் வரை நீளலாம். உண்மையான அலைச்சல் விண்ணப்பத்தை நேரில் கொடுப்பதற்கான தேதி கிடைப்பதில்தான் இருக்கிறது. கோடையில் அது மிகவும் கடினம் என்பதால், இன்றே தேதி தேடத் தொடங்குங்கள்.

பதில் 2:
பணம் போட்டுக் காட்டச் சொன்ன அந்த யோசனையை அருள்கூர்ந்து ஏற்காதீர்கள். அதிகாரி கணக்கின் கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் சிறு தொகைகளே வந்து போன கணக்கில், விண்ணப்பிப்பதற்குச் சில நாள் முன்பு திடீரென்று ஒரு பெருந்தொகை வந்து அப்படியே நின்றால், அது யாருடைய பணம், பயணம் முடிந்ததும் யாரிடம் திரும்பிப் போகும் என்ற ஐயம்தான் முதலில் எழும். நிலத்தையோ வண்டியையோ விற்று வந்த உண்மையான பணம் என்றால், விற்பனைப் பத்திரத்தின் நகலை இணைத்துவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.

சொந்தத் தொழில் ஒரு குறையே அல்ல. தொழில் பதிவுச் சான்று, வருமான வரிக் கணக்குகள், தொழிலுக்கான வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றோடு, நீங்கள் இல்லாத நாள்களில் தொழிலை யார் கவனிப்பார்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தையும் வையுங்கள். விசாக் காலம் முடியுமுன் இவர் நாடு திரும்புவாரா என்பதே அதிகாரி தீர்மானிக்க வேண்டிய கேள்வி. காகிதக் கட்டு தடிமனாக இருப்பதால் மட்டும் அதற்கு விடை கிடைத்துவிடாது. பயணத் திட்டம், விடுதி முன்பதிவு, காப்பீடு, கடிதம் நான்கிலும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒருமுறை உட்கார்ந்து சரிபாருங்கள். சின்ன முரண்பாடுகூட உண்மையான ஆவணங்களின் மீதே சந்தேகத்தைக் கிளப்பும்.

பதில் 3:
விசா கைக்கு வரும் முன் திருப்பித் தர இயலாத விமானச் சீட்டை வாங்குவது வீண் துணிச்சல். பணம் செலுத்தாமல் சில நாள்கள் நிறுத்திவைக்கும் முன்பதிவோ, ரத்து செய்யக்கூடிய சீட்டோ போதும்; ஆனால் போலி முன்பதிவு தயாரித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாள்களுக்கும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து புறப்பட்ட பின்னும் 3 மாதங்கள் செல்லக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரைத் தவிர்த்து நாங்களே விண்ணப்பிக்கிறோம். ஒருவேளை மறுத்துவிட்டால் மீண்டும் விண்ணப்பிக்க முடியாதா என்ற அச்சம் மட்டும் இருக்கிறது.

பதில் 2:
முடியும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருவார்கள். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. முன்பு மறுக்கப்பட்டது என்பதற்காகவே புதிய விண்ணப்பத்தைத் தானாக நிராகரிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனால் சுட்டிக்காட்டிய குறையைச் சரிசெய்யாமல் அதே ஆவணங்களை மறுபடியும் கொடுத்தால் முடிவு மாற வாய்ப்பில்லை. விண்ணப்பத்தின்போது கொடுக்கும் கைரேகை 59 மாதங்கள் வரை செல்லும் என்பதால், அதற்குள் மீண்டும் விண்ணப்பித்தால் பொதுவாக அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்காது.